மின்னஞ்சல் சர்வரை ‘அப்கிரேடு’ செய்ததாகச் சொல்லிப் பணம் வாங்கினார்கள்: சொந்த சர்வர் வைத்திருப்போர் கவனத்திற்கு

ஆத்தங்குடிப் பூக்கல் (தரையில் பதிக்கும் வண்ண ஓடு) செய்து விற்கும் ஒரு குடும்ப நிறுவனத்தில் கணக்கும் அலுவலக நிர்வாகமும் பார்ப்பவன் நான். எங்கள் மின்னஞ்சல் சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றித் தருவதாகச் சொல்லி 1,42,000 ரூபாய் பெற்றுக்கொண்ட ஒரு நிறுவனம், உள்ளே எதையும் தொடாமல் முகப்புப் பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போனது. காரைக்குடி வட்டாரத்தில் எங்களைப் போலவே சொந்த சர்வர் வைத்திருக்கும் விடுதிக்காரர்களும் பலகாரம் ஏற்றுமதி செய்பவர்களும் கண்டாங்கிச் சேலை வியாபாரிகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே எழுதுகிறேன். வழக்கறிஞர் சொன்னதன் பேரில் அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

எங்களிடம் இருந்தது சென்டோஸ் 7 என்ற இயங்குதளத்தின் மீது நிறுவிய ஜிம்ப்ரா 8.8.15 என்ற மின்னஞ்சல் மென்பொருள், அதில் 22 அஞ்சல் கணக்குகள். கட்டடக் கலைஞர்கள் அனுப்பும் வரைபடங்களும் சிங்கப்பூர், மலேசிய வாடிக்கையாளர்களின் ஆர்டர்களும் அதில்தான் வந்து சேரும். அந்த ஜிம்ப்ரா பதிப்புக்கான ஆதரவு 2023 டிசம்பர் 31-உடனும், சென்டோஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடனும் முடிந்துபோயின. ஆகவே மாற்றியே ஆகவேண்டும் என்று அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. 8.8.15-க்குப் பிறகு நேரடியாக நிறுவிக்கொள்ளும்படியான இலவசப் பதிப்பை ஜிம்ப்ரா வெளியிடுவதில்லை என்பதால், 10-ஆம் பதிப்புக்குப் போகக் கட்டண லைசென்ஸ் தேவை என்று விளக்கியதும் சரிதான். சொன்னவை எல்லாம் சரிபார்க்கச் சரிபார்க்க உண்மையாகவே இருந்ததால்தான், செய்யப்போவதைச் சரிபார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

கொட்டேஷனில் உபுண்டு என்ற இயங்குதளம் நிறுவிய புதிய சர்வர், ஜிம்ப்ரா 10, 22 கணக்குகளுக்கான லைசென்ஸ், பழைய அஞ்சல்களை இடம் மாற்றுதல், ஓராண்டுப் பராமரிப்பு என ஐந்து வரிகள் இருந்தன. ஜூலையில் ஒரு சனிக்கிழமை மாலை வந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் வேலை முடிந்தது என்றார்கள். திங்கட்கிழமை லாகின் பக்கம் புது நிறத்தில், எங்கள் பூ முத்திரையுடன் திறந்தது. முதலாளி ஆச்சிக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. பணி நிறைவுச் சான்றில் கையெழுத்திட்டு முழுத் தொகையையும் அனுப்பியவன் நானே. அதை மறைக்க விரும்பவில்லை.

அக்டோபரில் தொல்லை தொடங்கியது. ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்பிய விலைப்பட்டியல்கள் திரும்பி வந்தன. 2024 பிப்ரவரி முதல், அனுப்புபவர் யாராக இருந்தாலும், அஞ்சல் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் (இணையப் பெயர்) வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் பதிவு இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. எங்கள் டொமைனில் இரண்டுமே இல்லை. அதைவிடப் பெரிய கோளாறு, எங்கள் சர்வரின் ஐபி முகவரியே (இணையத்தில் அதற்குரிய எண்) குப்பை அஞ்சல் அனுப்புவோரின் தடைப்பட்டியலில் ஏறியிருந்தது. அனுப்பக் காத்திருந்த வரிசையைத் திறந்தபோது, நாங்கள் எழுதாத பல்லாயிரம் அஞ்சல்கள் அதில் நின்றன.

பராமரிப்பு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னால், இணைய இணைப்பு தருபவரைக் கேளுங்கள் என்றார்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் என் அக்கா மகனை விடுமுறையில் அழைத்து உட்கார வைத்தேன். பதிப்பு எண்ணைக் காட்டும் ஒரே ஒரு கட்டளையைத் தட்டியவன், “மாமா, இது அதே 8.8.15 தான், சிஸ்டமும் சென்டோஸ் 7 தான்” என்றான். எந்த லைசென்ஸும் ஏற்றப்படவில்லை. இணையக் கோப்புறையில் யாரோ போட்டுச் சென்ற, வெளியிலிருந்தே சர்வரை இயக்க உதவும் ஒரு ஜேஎஸ்பி நிரல் கோப்பும் கிடந்தது. அது நுழைந்த வழி, 2022-இல் வெளிப்பட்ட ஓர் ஓட்டை: இணைப்பாக வரும் சுருக்கக் கோப்பை வைரஸ் சோதனைக்காகப் பிரிக்கும்போது, பேக்ஸ் என்ற சிறு நிரல் சர்வரில் இல்லாவிட்டால் சிபிஐஓ என்ற பழைய நிரல் அந்த வேலையைச் செய்யும், அதன் வழியே அந்நியர் தம் கோப்பை சர்வருக்குள் வைத்துவிட முடியும். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த 34-ஆவது பேட்ச் (திருத்தத் தொகுப்பு) இதை அடைத்துவிட்டது. எங்களுடையது 26-லேயே நின்றிருந்தது.

அவர்களிடம் கேட்டபோது கிடைத்த பதிலை அப்படியே தருகிறேன்: “அண்ணே, உள்ள எல்லாம் புதுசுதான், நம்பர் மட்டும் பழசாக் காட்டும்.” ஆச்சியிடம் இதைச் சொன்னேன். எங்கள் தொழிலில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து முதலில் வண்ணத்தை ஊற்றுவோம். அதன் முதுகில் மணலும் சிமெண்டும் இட்டால்தான் அது கல். “பூவை மட்டும் ஊத்திட்டுக் கல்லே போடாமப் போயிருக்கானுக” என்றார் ஆச்சி.

பணம் போனதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது டொமைன் விவகாரம். எங்கள் டாட் காம் பெயரின் பதிவுதாரர் நாங்கள் அல்ல, அவர்கள். பதிவுதாரர் கேட்டால் ஐந்து நாள்களுக்குள் டொமைனை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ள உதவும் குறியீட்டைத் தர வேண்டும் என்பது, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் விதி. ஆனால் அந்த உரிமையும் சட்டப்படி அவர்களிடமே இருந்தது. பாக்கி எதுவும் இல்லாத நிலையில் “மாற்றுக் கட்டணம்” என்று 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டுதான் எழுதிக் கொடுத்தார்கள். பேக்கப் என்று அவர்கள் காட்டியதோ அதே சர்வரின் அதே டிஸ்கில் இருந்த ஒரு கோப்புறை. சர்வரில் நடப்பவற்றின் பதிவேடுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஆணையிட்டிருக்கிறது. எங்கள் சர்வரில் ஏழு நாள் பதிவேடு மட்டுமே இருந்ததால், யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று இனி அறிய வழியில்லை.

வேறொருவரைக் கொண்டு புது சர்வரை அமைத்துவிட்டோம். இம்முறை சர்வரை முழுதாக ஆளும் ரூட் பாஸ்வேர்டும் டொமைன் கணக்கும் எங்கள் பெயரில், எங்கள் கையில். லைசென்ஸ் எங்கள் நிறுவனத்தின் பெயரில் வந்த பிறகே அதற்கான தொகையைக் கொடுத்தோம். பதிப்பு எண்ணை என் கண்முன்னே காட்டச் சொல்லி, பேக்கப்பிலிருந்து ஒரு கணக்கை மீட்டெடுத்தும் காட்டச் சொல்லி, அதன் பிறகுதான் மீதியைத் தந்தேன். நல்ல வேலைக்காரர் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை என்பதையும் அப்போதுதான் பார்த்தேன். எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளோடு, அவற்றில் தேறாத அஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் டிமார்க் பதிவையும், இணைப்பு தருபவரிடம் சொல்லித் தலைகீழ் டிஎன்எஸ் பதிவையும் (ஐபி எண்ணிலிருந்து டொமைன் பெயரைக் காட்டுவது) போட்ட பின்பே தடைப்பட்டியலிலிருந்து எங்கள் முகவரியை நீக்கக் கேட்டோம்.

வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவை என்பதால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின் கீழ் வழக்கு நிற்பது கடினம் என்று வழக்கறிஞர் கருதினார். எனவே பணத்தைத் திரும்பக் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். சென்ற வாரம் பதில் வந்தது. அதில் அவர்கள் முதல் ஆதாரமாக இணைத்திருப்பது, நான் கையெழுத்திட்ட அந்தப் பணி நிறைவுச் சான்றை.