பெண் பிள்ளைகளுக்கான கோடை முகாம்: ஓர் அம்மாவின் பார்வையில்

என் மகள் போய்வந்த முகாமில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஏரி நீச்சலை நடத்திய விதம். முதலில் ஒவ்வொருத்தியையும் நீந்தச் சொல்லிப் பார்த்து, திறமைக்கு ஏற்ப ஆழம் பிரித்துவிட்டார்கள். தண்ணீரில் எப்போதும் ஜோடியாகத்தான். விசில் அடித்தால் இருவரும் கைகோத்து உயர்த்த வேண்டும்; எண்ணி முடித்த பிறகுதான் மறுபடி நீச்சல். படகில் ஏறினால் நன்றாக நீந்துகிறவளுக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

கூடாரம் பெருக்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் முறைவைத்து பிள்ளைகளே செய்தார்கள். வில்வித்தை, கைவேலை, அதெல்லாம் வழக்கம்போல. கைபேசிக்கு அனுமதியில்லை, அதனால் கடிதம் வந்தது. அதில் பாதிப் பக்கம், இழுத்தாலும் இறுகாத ஒரு கயிற்று வளையத்தைப் போடும் விதம், படத்தோடு!

ஒரே குறை, மதிய ஓய்வு போதவில்லை. சின்னவர்கள் மாலைக்குள் துவண்டுவிடுகிறார்கள். பொறுப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன்.