மலைக்கு மேலா, கீழா: எல்லையோரத் தமிழர்க்குக் கருத்தடையும் பாலியல் நலச் சேவையும் எங்கே சரிவரும்?

கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்காக விடியுமுன் ஜீப்பேறி, குமுளி வழியாகவோ கம்பமெட்டு வழியாகவோ மலைக்குப் போய்ப் பொழுது சாயும்போது இறங்கிவருகிறவர்களுக்கும், பீருமேடு, உடும்பஞ்சோலை வட்டங்களில் தலைமுறைகளாக எஸ்டேட் லயங்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இரண்டு மாநிலங்களின் மருத்துவ வசதியும் ஒரு பஸ் பயணத்துக்குள் இருக்கிறது. கருத்தடை, பால்வினை நோய்ச் சிகிச்சை, எச்ஐவி பரிசோதனை, கருக்கலைப்பு என எதுவானாலும் மேலே கேரளத்துக்குப் போவதா கீழே தமிழ்நாட்டுக்குப் போவதா, அரசு ஆஸ்பத்திரிக்கா மெடிக்கலுக்கா தனியாரிடமா என்று தேர்ந்துகொள்ள இடமுண்டு. ஆனால் "அங்கே நம்மைத் தெரிந்தவர் யாராவது இருப்பார்களா" என்ற ஒரே கேள்வியோடு பெரும்பாலோர் அந்தத் தேர்வை முடித்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கேள்வியில் தவறில்லை. சுவருக்குச் சுவர் ஒட்டிய லயத்து வீடுகளில், கணவன் வெளியூரில் இருக்கும் பெண்ணோ, கணவனை இழந்தவளோ, திருமணமாகாதவளோ கருத்தடை கேட்டாள் என்ற பேச்சு கிளம்பினால் அது என்ன செய்யும் என்பது அங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். ஆயினும் இந்தச் சேவைகளில் பலவற்றுக்கு மறுமுறையும் போக வேண்டியிருக்கிறது. யாரும் அறியாத தொலைவான இடத்தைத் தேடிப் போகிறவர் இரண்டாவது முறை போவதில்லை. அங்கேதான் பலருக்கும் சிகிச்சை முறிந்துபோகிறது. எனவே, மறுபடியும் போக முடிகிற இடமா என்பதை முதலிலும், மறைவை அடுத்தும் வைத்தே நான் எடைபோடுகிறேன்.

முதலில் அரசு நிலையங்கள். நிரோத் என்ற ஆணுறை, மாலா-என் என்ற தினசரி மாத்திரை, ஹார்மோன் கலவாத சாயா மாத்திரை, அந்தரா என்ற மூன்று மாத ஊசி, கருப்பைக்குள் வைக்கும், பத்து ஆண்டும் ஐந்து ஆண்டும் பயன்தரும் இருவகைக் காப்பர் டி, எஸி பில் என்ற அவசரக் கருத்தடை மாத்திரை, ஆண் பெண் இருவருக்குமான அறுவை சிகிச்சை ஆகிய அனைத்தும் தேசியத் திட்டத்தில் இலவசம் என்பதால், பொருளளவில் இரு மாநிலங்களுக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு ஆளிலும் நேரத்திலும்தான். தமிழ்நாட்டுப் பக்கம் கிராம சுகாதார செவிலியர் ஊருக்குள்ளேயே வருகிறார். பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் செவிலியர் இருக்கிறார். கேரளத்தில் வார்டுக்கு ஆஷா என்ற சுகாதாரப் பணியாளர் உண்டு; 2017-இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில் குடும்ப ஆரோக்கிய மையமாக உயர்த்தப்பட்டவற்றில் மதியத்தோடு ஓபி முடிந்துவிடுவதில்லை, மாலையிலும் மருத்துவரைப் பார்க்கலாம். தினக்கூலிக்குப் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. காலை ஓபிக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. மேலே தோட்டத்திலேயே தங்கி வேலை செய்கிறவருக்குக் கேரள மையத்து மாலை ஓபியும், ஜீப்பில் இறங்கி வீடு திரும்புகிறவருக்குச் சொந்த ஊர்ச் செவிலியரும் பொருந்துவார்கள். மொழியை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. பீருமேடு பக்கத்து மையங்களில் தமிழில் சொன்னால் புரிந்துகொள்வார்கள். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வந்த எஸ்டேட் டிஸ்பென்சரிகளும் ஒரு வழியாக இருந்தன. பீருமேட்டில் பல தேயிலைத் தோட்டங்கள் மூடிக்கிடந்த ஆண்டுகளில் அவையும் ஓய்ந்துபோயின.

இவற்றுள் ஊசியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வீட்டில் யாருக்கும் தெரியாமல் கருத்தடை வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கு அதைவிட மறைவானது இல்லை. வீட்டில் மாத்திரை அட்டை கிடக்காது, உடம்பில் அடையாளம் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டால் போதும். இங்கே இடத்தேர்வு மிக முக்கியமாகிறது. குறித்த தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலும் போடலாம், நான்கு வாரம் பின்னாலும் போடலாம்; அதற்கும் மேல் தள்ளினால் பாதுகாப்புக்கு உறுதியில்லை. முதல் ஊசியின்போது ஓர் அட்டையில் அடுத்த தேதியை எழுதிக் கொடுப்பார்கள். தோட்டம் மாறிப் போகிறவர் அந்த அட்டையைக் கையோடு வைத்திருந்தால், மலைக்கு மேல் தொடங்கியதைக் கீழேயும் தொடரலாம், தேசியத் திட்டத்து மருந்து ஒன்றே என்பதால். பல பெண்கள் இரண்டாவது ஊசிக்கு வராமல் நின்றுவிடுவதற்குத் தூரம் மட்டுமே காரணமில்லை. மாதவிலக்கு ஒழுங்கு தவறுவதும், சில மாதங்களில் நின்றேபோவதும் அவர்களைப் பயமுறுத்திவிடுகின்றன. "உதிரம் உள்ளேயே தங்கிவிடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது உண்மையில்லை, ஊசியால் கருப்பையின் உள்வரி மெலிதாகவே இருப்பதால் வெளியேற ஒன்றும் சேர்வதில்லை. இதை உட்கார வைத்து விளக்கும் செவிலியர் எங்கே இருக்கிறாரோ அதுவே நல்ல நிலையம், அது எந்த மாநிலத்தில் இருந்தாலும். ஊசியை நிறுத்திய பின் கரு தரிக்க ஏழு முதல் பத்து மாதம் வரை ஆகலாம் என்பதையும் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாயா மாத்திரையை முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இருமுறையும் பிறகு வாரம் ஒருமுறையும் போட வேண்டும். கையிருப்பு தீருமுன் வாங்கிவைத்துக்கொண்டால் அலைச்சல் குறைவு. அடிக்கடி ஊர் மாறுகிறவருக்கு என் கணிப்பில் காப்பர் டி-யே ஏற்றது. ஒருமுறை போட்டு, ஓரிரு முறை காட்டிவிட்டு வந்தால் ஆண்டுக்கணக்கில் கவலையில்லை. எடுக்க வேண்டுமானால் எந்த அரசு மருத்துவமனையிலும் எடுக்கச் சொல்லலாம்.

மெடிக்கல் ஷாப்புக்கு வருவோம். ஆணுறைக்கு அதைவிட எளிய இடம் வேறில்லை. நிரோத் தயாரிக்கும் எச்எல்எல் நிறுவனத்தின் பழைய ஆலை திருவனந்தபுரத்துப் பேரூர்க்கடையில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் எல்லைக் கடைவீதியில் ஆணுறை கேட்கிறவர், பின்னால் நிற்பவர்கள் போகட்டும் என்று ஒதுங்கி நின்று, கடைசியில் தலைவலி மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவதைப் பார்க்கிறோம். பெண் கேட்டால் கடைக்காரரே ஏற இறங்கப் பார்க்கிறார்.

அவசர மாத்திரையில் மட்டும் எல்லைக்கோடு உண்மையிலேயே பொருள்படுகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் மாத்திரையை மருத்துவர் சீட்டில்லாமல் விற்க நாட்டளவில் அனுமதி இருந்தும், தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் பல ஆண்டுகளாக அதைப் பெரும்பாலும் வைப்பதே இல்லை. கேரளத்துக் கடைகளில் கேட்டால் கிடைக்கிறது. இந்த மாத்திரையை உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், தாமதமாகத் தாமதமாகப் பலன் குறையும். ஆகவே கம்பத்தில் நாலு கடை ஏறி இறங்கி ஒரு நாளைக் கழிப்பதைவிட, அரசு நிலையத்தில் எஸி பில் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு, இல்லையென்றால் அன்றைக்கே குமுளி பஸ் ஏறுவது மேல். ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டுக்கொண்டாலும் கரு தரிப்பதைத் தடுக்கலாம். இது பலருக்குத் தெரியாமலேயே இருக்கிறது.

ஆனால் கருக்கலைப்பு மாத்திரையை எந்தப் பக்கத்துக் கடையிலும் வாங்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. அவசர மாத்திரை வேறு, இது வேறு. மாத்திரை வழியாகக் கலைப்பதற்கு ஒன்பது வார வரம்பு இருக்கிறது. எத்தனை வாரம் என்பதையும், கரு குழாயில் தங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்காமல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. 1971-இல் இயற்றப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1972-இலிருந்து நடப்பில் உள்ளது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 18 வயது நிறைந்த, மனநலம் குன்றாத பெண்ணுக்குத் தன் சம்மதம் மட்டுமே தேவை. கணவனின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. 2021 திருத்தத்துக்குப் பின் கருத்தடை தவறியதென்ற காரணம் திருமணமாகாதவருக்கும் பொருந்தும். பெயரை வெளியிடுவது குற்றம். இருந்தும் சில இடங்களில் "வீட்டுக்காரரைக் கூட்டிவா" என்று திருப்பி அனுப்புகிறார்கள், காப்பர் டி போட்டால்தான் செய்வோம் என்கிறார்கள். இரண்டுக்கும் சட்டத்தில் இடமில்லை. இதற்குக் கம்பம் அரசு மருத்துவமனை, பீருமேடு தாலுகா மருத்துவமனை போன்ற பெரிய இடங்களுக்கே நேராகப் போவது நல்லது. தனியார் என்றால் அனுமதி பெற்ற மருத்துவமனையா என்று கேட்க வேண்டும். தனியாரிடம் காத்திருப்புக் குறைவு, பெண் மருத்துவரைத் தேர்ந்து பார்க்கலாம். செலவைத் தாங்க முடிகிறவருக்கு அது போதும்.

பால்வினை நோய்க்கு ஆண்கள் எங்கே போகிறார்கள் என்று பார்த்தால் மனம் கனக்கிறது. "இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் சந்திக்கலாம்" என்று சுவரொட்டி போடும் பரம்பரை வைத்தியரிடம்தான் முதலில் போகிறார்கள். இத்தகைய விளம்பரத்தை 1954-ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டமே தடை செய்கிறது. மறைவு ஒன்றே அங்கே விற்பனைக்கு இருக்கிறது. அடுத்த மாதம் அந்த அறையில் அவர் இருப்பாரா என்பதுகூடத் தெரியாது. அதற்கு மாறாக, தமிழ்நாட்டில் சுகவாழ்வு மையம் என்றும் கேரளத்தில் புலரி என்றும் பெயரிட்ட அரசு மையங்களில் நோய்க்குறியைக் கேட்டறிந்து நிறம் குறித்த மருந்துப் பொட்டலம் தருகிறார்கள்: சிறுநீர்த்தாரையில் சீழ் வடிந்தால் சாம்பல் நிறப் பொட்டலம், பெண்களின் வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, புண்ணுக்கு வெள்ளை. இணையருக்கும் சேர்த்துச் சிகிச்சை தர வேண்டும், இல்லையேல் நோய் திரும்ப வரும். கணவன் மேலே தோட்டத்திலும் மனைவி கீழே ஊரிலும் இருந்தால், அவரவர் பக்கத்து மையத்தில் தனித்தனியே பெற்றுக்கொள்ளலாம்.

எச்ஐவி பரிசோதனைக்குக் கீழே நம்பிக்கை மையம், மேலே ஜோதிஸ் என்று பெயரிட்ட அரசு மையங்கள் உண்டு. இரண்டும் இலவசம். 2017-ஆம் ஆண்டு எச்ஐவி சட்டப்படி சம்மதமின்றிப் பரிசோதிக்கவோ முடிவை வெளியிடவோ கூடாது. பரிசோதனையை மட்டும் தெரிந்தவர் இல்லாத ஊரில் செய்துகொள்வதை நான் தவறென்று சொல்லமாட்டேன், முடிவை வாங்கத் திரும்பிப் போவதாக இருந்தால். நோய் உறுதியானால் கூட்டு மருந்தை வாழ்நாள் முழுதும் விடாமல் சாப்பிட வேண்டியிருப்பதால், சிகிச்சையை எளிதில் போய்வரக்கூடிய மையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். வேலைக்காக மாநிலம் மாறினால் மருந்து தீர்வதற்கு முன்பே மாற்றல் கேட்டுப் பெற வேண்டும்.

அறுவை சிகிச்சையைப் பற்றி ஒன்று. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. ஆண்களின் பங்கு இரு மாநிலங்களிலும் ஒரு சதவீதத்தைத் தொடவில்லை. கூடை சுமந்து சரிவில் ஏறி இறங்கும் பெண்ணுக்கு வயிற்றில் அறுவை செய்வதைவிட, தழும்பில்லாத ஆண் கருத்தடை எவ்வளவோ எளிது. அன்றே வீடு திரும்பலாம். இந்த அறுவை சிகிச்சைகளுக்குத் துணையின் கையெழுத்தை அரசு விதி கேட்பதில்லை. ஆண் கருத்தடைக்குப் பின் மூன்று மாதம் வரை ஆணுறை தொடர வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். ஆகவே மூன்று மாதம் கழித்தும் எந்தப் பக்கம் இருப்போம் என்பதை எண்ணி மருத்துவமனையைத் தேர்வது நலம். போகுமுன் விவரம் கேட்கத் தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் 1056, எச்ஐவி தொடர்பாக எங்கிருந்தும் 1097 ஆகிய எண்களை அழைக்கலாம்.