பேட்டரியா, எர்த்தா, செல்ஃபா? ஸ்டார்ட் ஆகத் திணறும் காருக்கு எதில் முதலில் கை வைப்பது

சாவியைத் திருப்பினால் இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, நாலாவது தடவைதான் பிடிக்கிறது. இதற்கு நம்ம பக்கம் உடனே கிடைக்கும் பதில் "பேட்டரி வீக், மாத்திருங்க" என்பதுதான். நானும் மாற்றினேன். உவரியில் கடலை ஒட்டி ரெண்டு நாள் நிறுத்தியிருந்த வண்டி, கிளம்பும் காலையில் செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்) எடுக்கவில்லை. வழியில் ஒரு கடையில் எதையும் அளந்து பார்க்காமலே புது பேட்டரி போட்டுவிட்டார்கள். 4,200 ரூபாய். ஆறு வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் அதே திணறல்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் கொண்டுபோனேன். அவர் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். மீட்டர் 1.4 வோல்ட் காட்டியது. "பேட்டரி மேல குத்தம் சொல்லாதீய தம்பி, எர்த்தப் பாருங்க" என்றார். பேட்டரி மைனஸிலிருந்து வந்து கியர்பாக்ஸில் முறுக்கியிருந்த எர்த் ஒயரைக் கழற்றினோம். மேலே கறுப்பு உறை புதுசு போலவே இருந்தது. ஒயர் முனையில் போல்ட் மாட்டும் லக்குக்குப் பக்கத்தில் உறையைக் கீறினால், உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது. உப்புக்காற்றின் வேலை. புது ஒயர் போட்டு மறுபடி அளந்தபோது 0.1 வோல்ட். கூலியோடு 350 ரூபாய்.

அந்த 1.4 வோல்ட் ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? சின்ன பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 100 ஆம்பியருக்கு மேலேயே இழுக்கும். அந்த ஓட்டத்தில், ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால்கூட ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினாலே எர்த்தைச் சந்தேகப்படலாம். புது பேட்டரி, தன் தெம்பால் இந்தக் குறையை ஆறு வாரம் மூடி வைத்திருந்தது.

அதனால் பேட்டரி மாற்றுவதையும் ஒயர், டெர்மினல் பார்ப்பதையும் எதிரெதிரே வைத்தால், என் ஓட்டு எப்போதும் ரெண்டாவதுக்குத்தான். அரை மணி நேர வேலை, செலவும் கம்மி. ராதாபுரம், திசையன்விளை, உவரி என்று கடல் பக்கம் இருப்பவர்களுக்கு இதை ரெண்டு மடங்கு அழுத்திச் சொல்வேன். டெர்மினலில் வெள்ளையாகவோ நீலமாகவோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் போதும்.

இதற்காக பேட்டரியே கெடாது என்று சொல்லவில்லை. பாளையங்கோட்டை வெயிலில் நாள் முழுக்க நிற்கும் வண்டியின் பேட்டரி சீக்கிரமே தேயும். ஆனால் அதை அளந்து முடிவு செய்யலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடும் முன் அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தாங்கவில்லை என்று அர்த்தம். அப்போதும் நேரே கடைக்கு ஓடாதீர்கள். சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை காட்டாவிட்டால், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோவோ அதைச் சுற்றும் பெல்ட்டோ சரியில்லை. புது பேட்டரியும் சீக்கிரம் படுத்துவிடும். ஏ.சி. போட்டுக்கொண்டு பாளையிலிருந்து டவுன் வரைக்கும் என்று கிட்டத் தூரம் மட்டும் ஓட்டினால், இறங்கிய சார்ஜ் முழுசாக ஏறாது. முழு சார்ஜுக்கு அப்புறமும் 9.6-க்குக் கீழே போனால் மாற்றிவிடலாம், தயங்க வேண்டாம்.

செல்ஃப் மோட்டார் கதை வேறு. காலையில் நன்றாக எடுக்கும் வண்டி, நாற்கர சாலையில் காவல்கிணறு வரை ஓட்டி, டீ குடித்துவிட்டு வந்து திருப்பினால் திணறுகிறதா? நான் முதலில் செல்ஃபைத்தான் சந்தேகப்படுவேன். சூட்டில் காயிலின் தடை கூடும். அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால், மோட்டாருக்குள் சுற்றும் ஆர்மேச்சர் உரசும். ஒரே ஒரு "டக்" சத்தம் கேட்டு அதற்கு மேல் ஒன்றும் இல்லையென்றால் மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சொலினாய்டோ, உள்ளே கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ்ஷோ போயிருக்கலாம். "டக்டக்டக்" என்று படபடத்தால் பெரும்பாலும் கரண்ட் பத்தவில்லை, பேட்டரி பக்கம் போங்கள். இங்கே போட்டி மூன்று வழிகளுக்கு: பிரஷ்ஷையும் புஷ்ஷையும் மட்டும் மாற்றுவது, கம்பெனி செல்ஃப் வாங்குவது, மலிவான டூப்ளிகேட் வாங்குவது. ஆர்மேச்சர் கருகாதவரை முதல் வழியே போதும், அதுவும் கண் முன்னால் பிரித்துக் காட்டுகிறவரிடம். கருகியிருந்தால் கம்பெனி செல்ஃப். டூப்ளிகேட்டுக்கு என் காசைக் கொடுக்க மாட்டேன்.

சரி, களக்காட்டுப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில் வண்டி நின்றுவிட்டது, தள்ளுவதா, ஜம்பர் கேபிளா? கேபிள்தான். பிளஸ்ஸுக்கு பிளஸ், அப்புறம் உதவ வந்த வண்டியின் மைனஸிலிருந்து நம் இன்ஜினின் வெறும் இரும்புக்கு. பேட்டரிக்குப் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. தள்ளுவது கியர் மாற்றி ஓட்டும் வண்டிக்கு மட்டும்தான், ரெண்டாவது கியரில். பெட்ரோல் வண்டியைத் திரும்பத் திரும்பத் தள்ளினால் எரியாத பெட்ரோல் போய் சைலன்சர் வழியில் இருந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளவே வேண்டாம்.

இன்னொன்று. இன்ஜின் வேகமாகவே சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் மேலே சொன்ன எதுவும் குற்றவாளி இல்லை. சாவியைப் பாதி திருப்பி, பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் ரெண்டு விநாடி ரீங்கரிக்கிறதா என்று காது கொடுங்கள். டீசல் வண்டியானால் ஃபில்டரில் தண்ணீர் நிற்கிறதா, லைனில் காற்று புகுந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எர்த் ஒயர் மாற்றியதிலிருந்து என் வண்டி முதல் தடவையிலேயே பிடிக்கிறது. பழைய பேட்டரியைக் கொடுக்காமல் வைத்திருந்தால் சார்ஜ் ஏற்றி அளந்து பார்த்திருப்பேன். கழிவு விலைக்கு அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு வந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.