ஐஸ் பீப்பாவில் 18 மாதம்

வலது முழங்காலில் தேய்வு என்று எக்ஸ்ரேயைப் பார்த்து டொக்டர் சொன்னது 2023இல். அப்போது எனக்கு 53 வயது. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுகிறேன். கடை கீழே, கந்தோர் மேலே, நடுவில் 22 படிகள். குளிசை, எண்ணெய், சித்தாலேப தைலம் எல்லாம் பார்த்தாயிற்று. 2024 பெப்ரவரியில் தங்கச்சியைப் பார்க்க லண்டன் போன இடத்தில்தான் இந்தக் குளிர்ச் சங்கதி தொடங்கியது. அவளுடைய மகன் ஒரு ஜிம் பைத்தியம். "மாமா, ஒருக்கா வந்து பாருங்கோ, மூண்டு நிமிஷம்தான்" என்று கிரையோதெரபி, அதாவது கடுங்குளிர்க் காற்று அறையில் சில நிமிடம் நிற்க வைக்கும் நிலையம் ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

மைனஸ் 110 பாகை என்று கேட்டபோது வயிற்றைக் கலக்கியது. உள்ளே போனால் அவ்வளவு இல்லை, அதுதான் வேடிக்கை. காற்று எலும்பு மாதிரிக் காய்ந்து கிடக்கும். மூக்கு மயிர் முதலில் விறைக்கும், பிறகு தொடையில் ஆயிரம் ஊசி. மூன்றாம் நிமிடம் கதவைத் தட்டலாமா என்று யோசிக்கும்போதே முடிந்துவிடும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் மைனஸ் 110 பாகைக் காற்றில் நின்ற எனக்கு, பிறகு வீட்டில் 14 பாகைத் தண்ணீரில் இருந்ததுதான் பெரிய வதையாக இருந்தது.

கையுறை, தடித்த சொக்ஸ், காதுமூடி, மாஸ்க் எல்லாம் தந்தார்கள். சங்கிலி, மோதிரம் கழற்றச் சொன்னார்கள். வியர்வை ஒரு சொட்டும் இருக்கக்கூடாது என்பதில் கண்டிப்பு. காரணம் இருக்கிறது: 2011இல் தென்கொரியாவின் டேகுவில் நடந்த உலகத் தடகளப் போட்டிக்கு முன் அமெரிக்க ஓட்ட வீரர் ஜஸ்டின் காட்லின் ஈரச் சொக்ஸுடன் இப்படியான அறைக்குள் போய்ப் பாதங்களில் குளிர்ப்புண் வாங்கினார். இவ்வளவும் பார்த்தவர்கள் என் பிரஷரை மட்டும் பார்க்கவில்லை. படிவத்தில் ஒரு கட்டத்தில் அடையாளம் போட்டதோடு சரி. நான் பிரஷர் குளிசை எடுக்கிறவன். கொழும்புக்கு வந்து டொக்டரிடம் சொன்னபோது நல்ல ஏச்சு விழுந்தது.

இந்த அறை அழகு நிலையக்காரர் கண்டுபிடித்ததல்ல. 1970களின் கடைசியில் ஜப்பானிய மருத்துவர் தொஷிமா யமாவுச்சி வாத நோயாளருக்காகத் தொடங்கியது. பிறகு ஜெர்மனி, போலந்து மருத்துவமனைகளுக்குப் போனது. போலந்தில் மூட்டு நோயாளரை அறையிலிருந்து வந்த கையோடு உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அனுப்புவது வழமை. இந்த ஒரு விவரத்தை மட்டும் எனக்கு லண்டனில் யாரும் சொல்லவில்லை. நான் ஆறு தரம் போனேன். ஒவ்வொரு தரமும் வெளியே வந்து, சுடச்சுடக் கோப்பி குடித்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். இரண்டு மணி நேரம் முழங்கால் இருக்கிற நினைப்பே இல்லை. அதற்குப் பிறகு வலி வழக்கம்போல் வந்துவிடும்.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஆசைப்பட்டுத்தான் வெள்ளவத்தை தொடர்மாடியில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பா வாங்கி வைத்தேன். "உங்களுக்கு விசரே?" என்றாள் மனைவி.

கணக்கெழுதுகிறவன் என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழாயில் விடியற்காலையிலும் 28 பாகைத் தண்ணீர்தான் வரும். பின்னேரத்தில் மொட்டைமாடித் தாங்கியிலிருந்து வருவதில் தேத்தண்ணி போடலாம். 120 லீற்றரை 28இலிருந்து 14 பாகைக்கு இறக்கச் சுமார் 18 கிலோ ஐஸ் வேண்டும். அது ஏட்டுக் கணக்கு. கொண்டு வரும் வழியில் உருகுவதையும் சேர்த்தால் 22 கிலோ. பிரிட்ஜில் போத்தல்களில் உறைய வைத்துப் பார்த்தேன். ஆறு போத்தல் உறைய ஒரு முழு நாள் போனது, அன்று வாங்கிய மீனுக்கு இடமில்லாமல் போனது. கடைசியில் சந்தையில் மீனுக்கு ஐஸ் கொடுப்பவரிடமே போய் நின்றேன். "என்ன ஐயா, மீன் வியாபாரம் தொடங்கீட்டீங்களோ?" என்று கேட்டார். சாக்கு மூட்டையோடு ஓட்டோவில் ஏறினால் சீட் நனைகிறது என்று ஓட்டோக்காரர் முகம் சுளிப்பார். வாரத்துக்கு இரண்டு தரம் இந்தக் கூத்து. குளிர் நாட்டவர் "பைப்பைத் திறவுங்கள், அவ்வளவுதான்" என்று எழுதுவதை வாசிக்கும்போது எனக்கு வரும் எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

முதல் நிமிடம்தான் ஆபத்தானது. உடம்பு கேளாமலே மூச்சை உள்ளே இழுக்கும், நெஞ்சு படபடக்கும். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது அந்த இழுப்பு வந்தால் கதை முடிந்தது. அதனால் தனியாக ஒருநாளும் இறங்கியதில்லை. ஒருநாள் கையை வெளியே வைத்துப் பிரஷர் பார்த்தேன். 132/84ஆக இருந்தது, இரண்டாம் நிமிடத்தில் 158/96. தோலில் இரத்தக் குழாய்கள் சுருங்கினால் அப்படித்தான் ஏறும். அன்றைக்கு டொக்டருடன் திரும்பக் கதைத்துவிட்டு, இடுப்பு வரை மட்டும், 15 பாகைக்குக் கீழே இல்லை, மூன்று நிமிடத்துக்கு மேல் இல்லை என்று வைத்துக்கொண்டேன். இதய நோய், கட்டுப்படாத பிரஷர், குளிரில் விரல் வெளுக்கும் ரேனோ நோய், குளிர் பட்டால் தடிக்கும் தோல், கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

என்ன கிடைத்தது? எழும்பியதும் ஒரு தெளிவு. அது பொய்யில்லை. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில் 14 பாகைத் தண்ணீரில் இருந்தவர்களின் இரத்தத்தில், உடம்பையும் மனதையும் உசுப்பும் சுரப்புகளான நோர்அட்ரினலின் 530 வீதம், டோபமின் 250 வீதம் கூடியது. கந்தோரில் அன்று காலை கணக்கு வேகமாக ஓடும். நித்திரையில் வித்தியாசம் தெரியவில்லை. எடை 18 மாதத்தில் ஒரு கிலோவும் குறையவில்லை. குளிரில் நடுங்கிய பிறகு பசி எடுக்கும் எடுப்புக்கு நான் சாப்பிட்ட இடியப்பத்தைக் கணக்கில் சேர்த்தால் கூடாமல் இருந்ததே பெரிது.

தடிமன் வருவது குறையும் என்று மருமகன் அடித்துச் சொன்னான். அம்மா இருந்திருந்தால், தலை நனைந்தால் தடிமன் வரும் என்று நேரெதிராக அடித்துச் சொல்லியிருப்பா. எனக்கு வழக்கம்போல் இரண்டு தரம் வந்தது. ஒல்லாந்தில் 3018 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. தினமும் குளியலின் கடைசி 30 முதல் 90 விநாடி குளிர்ந்த தண்ணீரில் நின்றவர்கள் வேலைக்கு வராத நாட்கள் 29 வீதம் குறைந்தன. ஆனால் சுகமில்லாமல் இருந்த நாட்கள் குறையவில்லை. காய்ச்சலோடேயே வேலைக்குப் போனார்கள் போலும்! என் முதலாளிக்கு இதைச் சொல்லவில்லை.

தசை நோவுக்கான கதையும் அவ்வளவு திடமில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கும் கொக்ரேன் குழு 2015இல் கிரையோ அறைகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டியபோது தேறியவை நான்கே, அவற்றில் மொத்தம் 64 பேர். தீர்ப்புச் சொல்லப் போதாது என்றுதான் எழுதினார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2016இல், இந்த அறைகள் எதற்கும் எந்த நோய்க்கும் அனுமதி தரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னது. நைதரசன் ஆவி பாய்ச்சும் கூண்டுகளில் ஒட்சிசன் குறைந்து மயங்கும் ஆபத்தும் உண்டு. 2015இல் நெவாடாவில் ஊழியர் ஒருவர் தனியாக உள்ளே போய் இறந்திருக்கிறார்.

என் முழங்காலுக்கு உண்மையில் திருப்பம் வந்தது பீப்பா தொடங்கி ஏழாவது மாதத்தில்தான். போலந்துக்காரர் செய்வதை அப்போதுதான் வாசித்தேன். பிசியோ சொல்லித் தந்த பயிற்சிகளை வலிக்கிறது என்று நான் பாதியில் விட்டிருந்தேன். பீப்பாவிலிருந்து வந்து, துடைத்து, கால் மணி நேரம் நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டு, வலி மரத்திருக்கும் நேரத்தில் அவற்றைச் செய்யத் தொடங்கினேன். கதிரையிலிருந்து எழும்புவது, சுவரில் சாய்ந்து இருப்பது, படியில் ஒரு காலால் ஏறுவது. உணர்வு முழுதாய் மரத்த காலோடு செய்தால் எங்கே நிறுத்துவதென்று தெரியாது, அதனால் மெதுவாகத்தான். மூன்று மாதத்தில் 22 படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறினேன். சுகப்படுத்தியது தொடைத் தசை. ஐஸ் கதவைத் திறந்து பிடித்திருந்தது, அவ்வளவுதான். (தசை பெருக்கப் பாரம் தூக்கும் பிள்ளைகள் கவனிக்க: பயிற்சி முடிந்த கையோடு ஐஸ் தண்ணீரில் இருந்தால் தசை வளர்ச்சி குறையும் என்று 2015இல் ஆய்வு வந்திருக்கிறது. நான் முன்னுக்கு இறங்கியது என் அதிர்ஷ்டம்.)

அது தெரிந்த பிறகு முழு உடம்பையும் ஏன் நனைக்கவேண்டும்? ஒரு துவாயில் ஐஸ் சுற்றி முழங்காலில் 15 நிமிடம் வைத்தாலும் அதே அளவு மரக்கிறது. துவாய் இல்லாமல் நேரே வைத்து ஒருநாள் தோல் வெந்தது மாதிரிச் சிவந்து கொப்பளித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பீப்பாவில் இப்போது மாதம் ஒருக்கா, அதுவும் காலைத் தெளிவுக்கு ஆசைப்பட்டு. மற்ற நாட்களில் மனைவி அதில் நீர்வெட்டுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிறாள்.

மருமகன் வருகிற மாதம் கொழும்பு வருகிறான். பீப்பா இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது, சந்தையிலிருந்து 22 கிலோ ஐஸ் மட்டும் அவனே சுமந்து வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.