தில்லைநகரில் ஒரு டாப்ளர் ஸ்கேன்

ஊருக்குப் போனால் பல்லைப் பார்த்துக்கொள்வோம், மூக்குக்கண்ணாடி மாற்றுவோம், ரத்தம் கொடுத்து சர்க்கரை, கொழுப்பு பார்ப்போம். இந்தத் தடவை நான் கூடவே காட்டிவிட்டு வந்தது விதைப்பையை. எந்த வாட்ஸாப் குழுவிலும் யாரும் இதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

இடது விதை வலதைவிடச் சற்றுச் சிறிதாக இருப்பது கொஞ்ச நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. வலி கிடையாது. நான் இருக்கும் இங்கிலாந்தின் லீட்ஸில் எங்கள் ஜிபி (குடும்ப டாக்டர்) போனிலேயே விசாரித்துவிட்டு, கட்டி ஏதும் தட்டுப்படவில்லை என்றால் அவசரமில்லை, ஸ்கேனுக்கு எழுதுகிறேன், கடிதம் வரும் என்றார். கட்டி என்றிருந்தால் அங்கேயும் சீக்கிரமே கூப்பிட்டிருப்பார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். கடிதம் வருவதற்குள் நான் திருச்சி வந்துவிட்டேன்.

தில்லைநகரில் எந்த கிராஸில் திரும்பினாலும் டாக்டர் போர்டுதான். மாலை டோக்கன், ஃபீஸ் 500 ரூபாய். சங்கடமெல்லாம் வெளியே மேஜையோடு சரி. "என்ன கம்ப்ளைன்ட் சார்?" என்று ஹால் முழுக்கக் கேட்கிற குரலில் அந்தப் பெண் கேட்டார். "டாக்டர்கிட்டயே சொல்லிக்கிறேம்மா" என்றேன். அவராகவே நோட்டில் 'யூரின்' என்று எழுதிக்கொண்டார்.

உள்ளே இருந்தவர் வயதான யூராலஜிஸ்ட். நிற்கவைத்து, "மூச்சைப் பிடிச்சு நல்லா முக்குங்க தம்பி" என்று தொட்டுப் பார்த்தார். அப்புறம் படுக்கவைத்துப் பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை அடியில் வைத்தார். நீர் கோத்திருந்தால் வெளிச்சம் சிவப்பாக ஊடுருவுமாம். தஞ்சாவூர்ப் பக்கம் யானைக்கால் கொசுவால் வரும் விரைவீக்கம் நிறையப் பார்த்தவர் போல. மேஜையில் 1 மில்லியிலிருந்து 25 மில்லி வரை முட்டை வடிவ மணிகள் கோத்த சரம் ஒன்று இருந்தது. அதைக் கையில் வைத்து ஒப்பிட்டே அளவு சொன்னார்.

எனக்கு இருப்பது வெரிகோசில், அதாவது விதையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் ரத்தக்குழாய்கள் (சிரைகள்) புடைத்திருப்பது. நின்றால் புழு நெளிவதுபோலத் தட்டுப்படும், படுத்தால் வடிந்துவிடும். இடது பக்க ரத்தக்குழாய் நேரே மேலேறி சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகச் சேர்வதால் இது பெரும்பாலும் இடதில்தான் வரும். நூறு ஆண்களில் 15 பேருக்கு இருக்குமாம். இது இல்லாவிட்டாலும்கூட ஒன்று கொஞ்சம் பெரிதாகவும், ஒன்று, பெரும்பாலும் இடது, இறங்கியும் இருப்பது இயல்புதான்.

ஸ்கேன் சென்டரில், பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கர்ப்பிணிகள் நடுவே, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். ரத்த ஓட்டத்தையும் காட்டும் டாப்ளர் ஸ்கேனுக்கு 1,400 ரூபாய், அரைமணியில் ரிப்போர்ட். வலது 16 மில்லி, இடது 13. வளர்கிற பையன்களுக்கு வித்தியாசம் 20 சதவீதத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எனக்கு இரண்டு பிள்ளைகள், வலியும் இல்லை, ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார் டாக்டர். குழந்தைக்கு முயன்றுகொண்டிருப்பவர் என்றால் விந்துப் பரிசோதனை பார்த்துவிட்டு முடிவு செய்வார்களாம்.

அவர் குரலை உயர்த்தியது வேறு விஷயத்துக்கு. திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலி, வாந்தி என்றால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பையன்கள் வெட்கப்பட்டு வயிற்றுவலி என்று சொல்லி, விடிந்த பிறகு வருகிறார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டார். வலியே இல்லாத கெட்டியான கட்டியையும் தள்ளிப்போடக் கூடாது. விதையில் வரும் புற்றுநோய் அதிகம் தாக்குவது இளவயதுக்காரர்களை. சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். வலது பக்கம் மட்டும் புடைத்தாலோ, படுத்தும் வடியாவிட்டாலோ வயிற்றையும் ஸ்கேன் பண்ண வேண்டும். வயசுக்கு வந்தபின் பொன்னுக்குவீங்கி வந்தவர்களுக்கு ஒன்று சுருங்கிப்போவதுண்டு. ஆறு மாதமாகியும் குழந்தைக்கு விதை இறங்காவிட்டால் சர்ஜனிடம் காட்ட வேண்டும்.

பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் லாட்ஜ் அறை எண்ணோடு எழுதியிருக்கும் 'ஆண்மை' வைத்தியர்களுக்குக் கொடுக்கும் காசில் இதை இரண்டு தடவை பார்த்துவிடலாம்.

ரிப்போர்ட்டைப் பிடிஎஃப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சென்டரிலேயே வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் ஜிபி அதைப் பார்த்துவிட்டு லீட்ஸில் போட்டிருந்த ஸ்கேனை ரத்து செய்துவிட்டார்.