பட்டறையா, லேபா, ஷேக்கா? வீட்டுப் பணியிடப் பெயர்கள் ஓர் ஒப்பீடு

வீட்டில் ஓர் அறையையோ, மாடிப்படிக்குக் கீழே உள்ள இடத்தையோ, கார் நிறுத்தும் இடத்தின் பாதியையோ தம் பொழுதுபோக்கு வேலைக்கென்று ஒதுக்கிக்கொண்டவர்கள், அந்த இடத்திற்கு விரைவிலேயே ஒரு பெயரும் வைத்துவிடுகிறார்கள். மரவேலை செய்பவர் அதைப் பட்டறை என்கிறார். மின்சுற்றுகளோடு மல்லுக்கட்டுபவர் லேப் என்கிறார். பொழுதுபோக்காக வானொலி அலைகள் வழியே பிறரோடு பேசும் அமெச்சூர் வானொலிக்காரர் ஷேக் (shack) என்கிறார். இசையைப் பதிவு செய்பவர் ஸ்டூடியோ என்கிறார். இவற்றைப் பகட்டு என்று ஒதுக்கிவிடலாம்தான், ஆனால் என் பார்வையில் இந்தப் பெயர்கள் ஒரு வேலையைச் செய்கின்றன: அந்த இடத்தில் எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது என்பதை வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு அவை அறிவித்துவிடுகின்றன. போட்டியிடும் பெயர்களை அந்த அளவுகோலைக் கொண்டே இங்கே ஒப்பிடுகிறேன்.

பட்டறை இவற்றுள் மிகத் தாராளமான பெயர். அடைகல்லைக் குறிக்கும் பட்டடை என்னும் சொல் திருக்குறளிலேயே (821) வருகிறது. பட்டறை என்றதும் இன்றும் காதில் முதலில் கேட்பது சுத்தியல் ஓசைதான். இரும்பு அடிக்கும் இடத்தோடு நில்லாமல் மரம், தோல், நகை, லேத் என எல்லாக் கைவேலைக்கும் அந்தப் பெயர் பரவியிருப்பதால், தூசியும் சத்தமும் எண்ணெய்க் கறையும் அங்கே இயல்பானவையாக ஏற்கப்படுகின்றன. 'பட்டறைக்குப் போகிறேன்' என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர் அழுக்குச் சட்டையோடு திரும்பினால் யாரும் காரணம் கேட்பதில்லை. இதன் குறைகள் இரண்டு. கவிதைப் பட்டறை, சிறுகதைப் பட்டறை என்று பயிற்சி வகுப்புகளும் இதே பெயரைக் கொண்டுவிட்டதால், வீட்டில் பட்டறை வைத்திருப்பதாகச் சொன்னால் சிலர் மாணவர்களைத் தேடுகிறார்கள். மற்றொன்று சற்றுச் சங்கடமானது: பிழைப்புக்காக உழைக்கும் இடத்தின் பெயரைப் பொழுதுபோக்கிற்குச் சூட்ட, அலுவலக வேலையில் இருக்கும் பலர் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்தில் மரியாதையும் கலந்திருக்கலாம். பெரும்பாலும் அது அந்தஸ்தைப் பற்றிய கவலைதான் என்பது என் எண்ணம்.

லேப் என்பது பட்டறைக்கு நேர் எதிரான ஒப்பந்தம். பட்டறையிலிருந்து ஒரு நாற்காலியோ அலமாரியோ வெளியே வரும் என்று வீட்டார் எதிர்பார்ப்பார்கள். லேபிலிருந்து எதுவுமே வராமல் போகலாம் என்பது அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. சோதனை தோற்றாலும் அது சோதனைதான். பாதி இணைத்த கம்பிகள் வாரக்கணக்கில் மேசையில் கிடந்தாலும், லேப் என்று சொல்லி வைத்திருந்தால் சுத்தம் செய்ய வருபவர்கள் அவற்றைத் தொடுவதற்கு முன் ஒருமுறை கேட்கிறார்கள். ஆனால் பட்டறை பொறுத்துக்கொள்ளும் தூசியை லேப் பொறுத்துக்கொள்ளாது. சாணைக் கல்லிலிருந்து பறக்கும் இரும்புத்தூள் ஒரு சுற்றுப்பலகையில் படிந்தால் இரண்டு தடங்களை இணைத்துக் குறுக்குச்சுற்றை உண்டாக்கிவிடும். சுமார் 350 டிகிரி செல்சியஸ் சூட்டில் நிற்கும் சால்டரிங் அயனுக்கு (மின்கம்பிகளைப் பற்றவைக்கும் சூட்டுக்கோலுக்கு) பக்கத்தில் மரத்தூள் குவிந்திருப்பதும் நல்லதன்று. அதில் உருக்கும் சில சால்டர் கம்பிகளில் ஈயம் கலந்திருப்பதால் அந்த மேசைக்கு உணவுத் தட்டு வரவே கூடாது. அந்த விதியை வாசலிலேயே நிலைநாட்டும் வலிமை லேப் என்ற பெயருக்கு உண்டு, பட்டறைக்கு இல்லை.

ஆகவே இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்வியைவிட, இரண்டையும் ஒரே அறைக்குள் அடைக்கலாமா என்ற கேள்வியே முக்கியமானது. எடிசன் 1876இல் மென்லோ பார்க்கில் நிறுவிய புகழ்பெற்ற ஆய்வகத்திலும் சோதனைகளுக்கு வேண்டிய கருவிகளைச் செய்துதரும் இயந்திரப் பட்டறை ஓர் அங்கமாக இருந்தது. ஆய்வகம் என்ற பெயரே வெளியுலகில் நிலைத்தது; பட்டறை இல்லாமல் அது ஓடியிருக்காது. வீட்டில் ஓர் அறை மட்டுமே உள்ளவர்கள் குறைந்தபட்சம் இரண்டு மேசைகளையாவது போட்டு, நடுவே ஒரு திரையைத் தொங்கவிட்டு, இரண்டு பெயர்களையும் புழங்குவது நல்லது.

லேபின் ஒரு கிளைப்பெயரையும் இங்கே சொல்லியாக வேண்டும். பழைய சர்வர்களையும் நெட்வொர்க் கருவிகளையும் அடுக்கி வைத்துப் பழகுபவர்கள் தங்கள் அமைப்பை ஹோம்லேப் என்கிறார்கள். அது அலமாரியின் ஒரு தட்டாகவே இருக்கலாம். அறை என்று ஒன்று தேவையே இல்லை. எதை வேண்டுமானாலும் கலைத்துப் போட்டு மீண்டும் கட்டலாம் என்ற உரிமைதான் அந்தப் பெயரின் சாரம். ஆனால் குடும்பப் புகைப்படங்கள் அனைத்தும் அதில் சேமிக்கப்பட்டு, வீட்டு இணையமும் அதன் வழியாகவே ஓடத் தொடங்கிய பிறகு அந்த உரிமை போய்விடுகிறது. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. நள்ளிரவில் இணையம் நின்றுபோனால் 'லேப்தானே' என்ற சமாதானத்தை யாரும் ஏற்கமாட்டார்கள்.

ஷேக் வேறு வகை. (ஷாக் என்று எழுதினால் மின்னதிர்ச்சி ஆகிவிடும், உயர்மின்னழுத்தக் கருவிகளோடு பழகுபவர்களிடம் அந்தக் குழப்பம் வேண்டாம்.) கம்பியில்லாத் தந்தி கப்பல்களுக்கு வந்த தொடக்க காலத்தில், அதற்கென்று மேல்தளத்தில் கட்டப்பட்ட சிறு மர அறையைக் கப்பலோட்டிகள் குடிசை என்னும் பொருளில் அவ்வாறு அழைத்தார்கள். 1921இல் பாஸ்டனில் தொடங்கிய, வானொலிக் கருவிகளை விற்ற ரேடியோ ஷேக் நிறுவனத்தின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். இன்று குளிரூட்டப்பட்ட அறையில் கணினியோடு உட்கார்ந்திருப்பவரும், படுக்கையறை மூலையில் ஒரு சிறு மேசையை மட்டுமே வைத்திருப்பவரும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். இடத்தின் தன்மையைப் பற்றி அது எதுவுமே சொல்வதில்லை. சொல்பவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை மட்டும் சொல்கிறது. சன்னல் வழியாக ஆன்டெனா கம்பி நுழைவதையும், தொலைதூர அலைகள் நன்றாகக் கிடைக்கும் அகால நேரங்களில் ஒருவர் ஹெட்ஃபோனோடு விழித்திருப்பதையும் வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டுமென்றால், அந்தப் பெயரின் பொருளை முதலில் அவர்களுக்கு விளக்க வேண்டும். வீட்டுக்குள் புழங்க அது பலவீனமான பெயர். ஆர்வலர்கள் நடுவிலோ அதற்கு ஈடே இல்லை.

கராஜையும் ஷெட்டையும் ஒன்றாகப் பேசுவார்கள். எனக்கு அவை வெகுதூரத்தில் நிற்பவை. கராஜ் என்ற பெயரில் கனவு கலந்திருக்கிறது. பாலோ ஆல்டோவில் ஒரு வீட்டின் கராஜில் 1939இல் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் பிறந்த கதையை அறியாத மின்னணு ஆர்வலர் அரிது, அந்தக் கதை உண்மையும்கூட. ஆப்பிள் நிறுவனமும் ஒரு கராஜில் பிறந்தது என்னும் கதையோ ஓரளவு புனைவு என்றும், வடிவமைப்பு வேலை அங்கே நடக்கவில்லை என்றும் அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக்கே கூறியிருக்கிறார். நடைமுறையில் கராஜ் இரவல் இடம்: கனமான இயந்திரங்களைத் தாங்கும் தரை அங்கே உண்டு, ஆனால் கார் திரும்பி வரும்போது வேலையை ஒதுக்கி வைத்தாக வேண்டும். ஷெட் சிறியதாயினும் தனித்து நிற்பது. சத்தமும் வார்னிஷ் வாடையும் வீட்டுக்குள் வராது. ஆஸ்திரேலியாவில் 1990களில் வளர்ந்த ஆண்கள் ஷெட் இயக்கம், சேர்ந்து வேலை செய்வதையே நட்புக்கு வழியாக்கிக்கொண்டபோது இந்தப் பெயரைத்தான் தேர்ந்தெடுத்தது. காற்றிலுள்ள ஈரம் கருவிகளைத் துருப்பிடிக்கச் செய்வதும், யாரும் கவனிக்காவிட்டால் பழைய சாமான் அறையாக மாறிவிடுவதும் அதன் ஆபத்துகள். இரண்டில் ஒன்று என்றால் நான் ஷெட் பக்கம்தான்.

ஸ்டூடியோவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஓவியருக்கு அது வெளிச்சத்தைக் கேட்கும் பெயர், ஒலிப்பதிவாளருக்கு அமைதியைக் கேட்கும் பெயர். எது வேண்டும் என்பதைத் தனியே சொல்லியாக வேண்டியிருப்பதே அதன் குறை. அதன் பக்கத்தில் புகைப்படக்காரர்களின் இருட்டறையை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். வழக்கமான கறுப்பு-வெள்ளை அச்சுத்தாள் சிவப்பு ஒளியில் பாதிப்படைவதில்லை, ஆனால் கதவு ஒரு நொடி திறந்தாலே வீணாகிவிடும். அந்த எச்சரிக்கை முழுவதையும் பெயரே சுமக்கிறது. என் அளவுகோலில் எல்லாவற்றையும் வெல்வது இதுதான்.

மேக்கர்ஸ்பேஸ் இந்தப் போட்டிக்குள் வரக் கூடாத பெயர். 2005இல் மேக் (Make) என்னும் இதழ் தொடங்கிய பிறகு பரவிய மேக்கர் (பொருள்களைத் தாமே செய்து பார்ப்பவர்) என்ற அடையாளத்தோடு சேர்ந்து வளர்ந்த அது, பலர் கருவிகளைப் பகிர்ந்துகொள்ளும் பொது இடத்தையே குறிக்கிறது. சொந்த அறைக்கு அதைச் சூட்டுவது ஒரே ஓர் உறுப்பினரைக் கொண்ட சங்கத்திற்குப் பெயர்ப்பலகை மாட்டுவது போன்றது.

அண்மைக் காலத்துக் கருவிகள்தான் உண்மையான குழப்பத்தைக் கொண்டுவருகின்றன. முப்பரிமாண அச்சுப்பொறியும் லேசர் வெட்டுப்பொறியும் கணினியோடு இணைவதால் அவற்றைப் பலரும் லேபிலேயே வைக்கிறார்கள். அச்சுப்பொறிக்கு அது பெரும்பாலும் பொருந்தும், காற்றோட்டம் இருந்தால் போதும். லேசரோ புகையையும் தீ ஆபத்தையும் உண்டாக்குவது. தவறுதலாகப் பிவிசி பிளாஸ்டிக்கை வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியாகி நுரையீரலையும் இயந்திரத்தையும் சேர்த்தே கெடுக்கும். கணினித் திரை பக்கத்தில் இருந்தாலும் அது பட்டறைக் கருவிதான்; வெளியேற்றும் விசிறியும் தீயணைப்பானும் உள்ள இடத்தில் வைத்து, பட்டறை என்றே அழைக்க வேண்டும்.