கருத்தரிப்பு மையமா, காட்டு விலங்கு ஆய்வா?

சேலத்தில் விலங்கியல் முதுகலை முடித்து, இனப்பெருக்க உயிரியலில் நாட்டமும் இருந்தால் இந்த இரண்டு வழிகளும் கண்ணில் படும்.

கருத்தரிப்பு மையத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கருவியல் பயிற்சி, மாதச் சம்பளம், ஊரிலேயே வேலை, வீட்டுச் சாப்பாடு. கைத்திறன் நாளுக்கு நாள் கூடும். கேள்விகள் அவ்வளவாக மாறாது.

காட்டு விலங்கு ஆய்வில் முதல் சிக்கலே விலங்கு கைக்கு எட்டாது என்பதுதான். ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்குள் புகும் காட்டெருமையை நிறுத்தி ரத்தம் எடுக்க முடியுமா என்ன? அதனால் சாணத்தை நாடுகிறார்கள். காய்வதற்குள் உள்பக்கத்திலிருந்து கொஞ்சம் கிள்ளி, குப்பியில் போட்டு உறையவைக்கிறார்கள். அப்புறம் ஆய்வகத்தில், சினைக்காலத்தில் கூடும் ஹார்மோனான புரொஜெஸ்டிரோனின் சிதைபொருள்களை அளந்தால், சினையா இல்லையா என்று கணிக்கலாம். விலங்குக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இந்தத் துறை கணிப்போடு நிற்பதில்லை: அழியும் நிலையிலுள்ள விலங்குகளைக் காப்பதற்கான ஐதராபாத்தின் லாகோன்ஸ் ஆய்வகத்தின் முயற்சியில் 2006-ல் செயற்கைக் கருவூட்டல் மூலம் புள்ளிமான் குட்டியே பிறந்தது.

விந்தணுவை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் சேமிப்பது இரண்டுக்கும் பொது. ஆனால் உறையவைக்கும்போது சேர்க்கும் கரைசலில், மனிதருக்குச் சரிவருவது மானுக்கும் சரிவரும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு இனத்துக்கும் தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சரி, பணம்? காட்டு விலங்கு ஆய்வென்றால் முனைவர் பட்டம், உதவித்தொகைக்குக் காத்திருப்பு, வனத்துறை அனுமதி, திட்டம் முடிந்ததும் அடுத்த வேலை தேடல். வீட்டுப் பொறுப்பு இருப்பவருக்கு இது கஷ்டம்தான். அப்படிப்பட்டவர் முதலில் கருத்தரிப்பு மையத்தில் சேரட்டும் என்பேன். உறைபதனப் பழக்கம் எங்கே போனாலும் உதவும். பொறுப்பு குறைவானவர் நேராக ஆய்வுக்கே விண்ணப்பிக்கலாம்.